காய் பார்க்கும் வெளிச்சம்

அண்ணாச்சி,

இம்மாதம் ஆறாம் தேதி வியாழக்கிழமை காலை, நம் கூட்டு ஸ்டோரில் ஏலக்காய் தரம்பிரிக்கும் அறையின் நடுமேசை விளக்கு நின்றுபோனது. நீங்கள் தேர்ந்தெடுத்த விளக்கு. கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். அதன்மேல் படிந்திருந்த தூசியில்கூட, உலர்கூடத்துச் சூட்டில் வெந்த காயின் மணம் ஏறியிருந்தது. வருகிற பிப்ரவரி பதினேழாம் தேதியோடு நீங்கள் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உங்களுக்குப் பிறகும் உங்கள் விளக்கு இவ்வளவு காலம் உழைத்திருக்கிறது. அதிலும் உங்களுக்குப் பெருமைதான்.

புது விளக்கைப் பார்த்து வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. எஸ்டேட் ஆபீசில் எதிரெதிர் மேசையில் நாம் உட்கார்ந்த காலத்திலிருந்தே, என்னைவிட மூன்று மாதம் மூத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் எல்லாருக்கும் அண்ணாச்சி ஆனீர்கள். நான் வெறும் சார். ஓய்வுபெற்று, ஆளுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் வாங்கி, சிறு விவசாயிகள் சேர்ந்து காய் உலர்த்தவும் தரம்பிரிக்கவும் நடத்தும் இந்த ஸ்டோரில் உறுப்பினர்களான பிறகும் அது மாறவில்லை. செயலாளர் நான். கையெழுத்தும் முத்திரையும் என்னுடையவை. ஆனாலும் காயைக் கொண்டுவருகிறவன் உங்களைத்தான் தேடுவான். "காய் எப்படி இருக்கு?" என்று ஒருவனாவது முதலில் என்னிடம் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இந்த வயதில் வேறு பெரிய ஆசை எனக்கு இல்லை.

எல்லாம் 2014 செப்டம்பரில் தொடங்கியது. காய்க்கு அளவு எவ்வளவு முக்கியமோ, பச்சை நிறமும் அவ்வளவு முக்கியம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தரம்பிரிக்கும் அறையை அந்த ஆண்டு நான்தான் புதுப்பித்தேன். ஏலக்காய் அறை ஏலக்காய் நிறத்தில் இருக்கட்டும் என்று சுவருக்கு நல்ல இளம்பச்சை பூசச் சொன்னேன். கண் கூசுமளவு பளீரென்ற குழல்விளக்குகளையும் மாட்டச் செய்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அந்த அறையில் நாங்கள் முதல் தரம் என்று கட்டி அனுப்பிய மூட்டைகளை, விற்பனைக் கூடத்தில் இரண்டாம் தரத்துக்குக்கூடத் தயங்கித்தான் எடுத்தார்கள்.

ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. விவசாயிகள் முற்றத்தில் கூடி நின்றார்கள். நீங்கள் கடைசியாக வந்தீர்கள்; குரலை உயர்த்தவில்லை. தட்டிலிருந்து ஒரு பிடி காயை அள்ளிக்கொண்டு முற்றத்துக்குப் போய்க் கையை விரித்தீர்கள். பிறகு உள்ளே வந்து, என் விளக்கின் கீழே அதே கையை விரித்தீர்கள். வெளியே வைக்கோல் நிறம், உள்ளே இளங்காய் நிறம்.

"காயி மாறல தம்பி," என்றீர்கள். "ஒம்ம செவரும் லைட்டும் சேந்து அதுக்குச் சாயம் பூசுது."

எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றும் எனக்குத் தெரியும். சுவருக்குப் பச்சை வேண்டாம் என்று முன்பே நீங்கள் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, என்னிடம் யாரும் கேட்கவில்லையே என்றீர்கள். அந்தப் பதிலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த வியாழனன்று இருவரும் வேறு விளக்கு வாங்கக் கட்டப்பனைக் கடைத்தெருவுக்குப் போனோம். அட்டையில் அச்சடித்ததை முழுவதும் படித்த பிறகே எந்தப் பொருளையும் தொடுவது என் வழக்கம். நான் வாட் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் கடைக்காரரை ஒவ்வொரு விளக்காக எரியவிடச் சொல்லி, அதன் கீழே சட்டைப்பையிலிருந்த காயையும் ஒரு வற்றல் மிளகாயையும் காட்டினீர்கள். கடைசியில் உங்கள் உள்ளங்கையைக் காட்டினீர்கள்.

"அட்டைய அப்புறம் படியும். மொதல்ல கையக் காட்டும். நம்ம கை செத்தவன் கையாட்டம் தெரிஞ்சா அந்த லைட்டு வேண்டாம்."

கடைக்காரர் உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வருகிறவர்களுக்கு எந்த விளக்கைச் சொல்லலாம் என்றும் உங்களிடமே கேட்டார். என்னிடம் உங்கள் குடையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

சுவர் வெள்ளையானது. விளக்கு மாறியது. வெளிச்சம் முன்பைவிடக் குறைவு என்று நான் முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தேன். ஆனால் அடுத்த மூட்டைகளை உள்ளே என்ன தரம் என்று கட்டினோமோ, கூடத்திலும் அதே தரத்தில் எடுத்தார்கள். அதன்பின் என் வீட்டிலேயே எனக்கு மதிப்பு போயிற்று. மகளின் நிச்சயதார்த்தச் சேலை மயில்நீலம் என்று நான் சொன்ன பிறகும், என் மனைவி அதை ஸ்டோர் விளக்கின் கீழே கொண்டுவந்து உங்களிடம் விரித்துக் காட்டினாள். கொஞ்சம் பச்சை ஓடுகிறது என்றீர்கள். அவளும் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறாள்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். ஏழாம் தேதி நான் தனியாகக் கட்டப்பனைக்குப் போனேன். இப்போது அந்தக் கடையை நடத்துவது பழைய கடைக்காரரின் மகள். பளீரென்று எரிவது வேறு, நிறத்தை உள்ளபடி காட்டுவது வேறு என்று எனக்கே பாடம் எடுத்தாள். நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதற்குச் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கிறதாம். நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியதாக எடுங்கள் என்றாள். பார்த்தீர்களா, அட்டையில் படிக்க வேண்டியதும் இருந்திருக்கிறது. அப்படி இரண்டு விளக்குகள் கிடைத்தன. எண்ணும் விலையும் ஒன்றுதான். எதை எடுப்பது என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, இரண்டின் கீழேயும் என் உள்ளங்கையை விரித்தேன். ஒன்றில் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. மற்றதில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. அதை வாங்கினேன்.

மறுநாள் மாட்டியாயிற்று. காய் பொறுக்க வந்த செல்வமேரி நிமிர்ந்து பார்த்தாள். "பழைய அண்ணாச்சி வெளிச்சமாட்டமே இருக்கு," என்றாள்.

"இது நான் பாத்து வாங்கினது," என்றேன்.

"ஆமா சார். அவுக மாதிரியே பாத்து வாங்கியிருக்கீய."

அட்டையை எடுத்துவந்து சி.ஆர்.ஐ. எண்ணை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

பத்தாம் தேதி திங்கட்கிழமை ஞானமுத்து காய் கொண்டுவந்தான். அவனுடைய முதல் அறுவடை இது; உலர்த்தும்போது சூடு கூடிவிட்டதோ என்ற பயத்தில் இருந்தான். தட்டில் கொட்டி, மேசைமேல் வைத்து, என்னைப் பார்த்துக் கேட்டான்: "காய் எப்படி இருக்கு சார்?"

இந்தக் கேள்விக்காக நான் காத்திருந்தது உங்களுக்குத் தெரியும். அவசரப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். நிறம் சற்றே இறங்கியிருக்கிறது, இரண்டாம் தரம் என்றேன். அவன் தலையாட்டினான்; ஆனால் தட்டை எடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவன் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணாச்சி இருந்தா என்ன சொல்லியிருப்பாக, சார்?"

அதையேதான் சொல்லியிருப்பார் என்று முடித்திருக்கலாம். அவனுக்கு எப்படித் தெரியும்? ஆனால் எனக்குத் தெரியுமே. நீங்கள் மேல்பக்கத்தைப் பார்த்துத் தரம் சொன்னதே இல்லை. காயைத் திருப்பிக் காம்புப் பக்கத்தைப் பார்ப்பீர்கள். நான் திருப்பினேன். அங்கே பச்சை அழுத்தமாக நின்றது.

"காம்புல பச்சை நிக்குது. வெளிச்சம் படாமக் கட்டி வையி. மொதத் தரந்தான்." நீங்கள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, உங்கள் சொற்களிலேயே சொன்னேன். "அப்படித்தான் சொல்லியிருப்பார். எனக்கு இரண்டாம் தரம்தான்."

அவன் உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு போனான். நேற்று விற்பனைக் கூடத்தில் அந்தக் காயை முதல் தரமாகவே எடுத்தார்களாம். அண்ணாச்சி சொன்னது சரியாப் போச்சு என்று ஸ்டோர் முழுக்கப் பேச்சு. சொன்னது என் வாய், அண்ணாச்சி; பார்த்தது என் கண்.

உங்களை நேசித்தவர்கள் நிறையப் பேர். உங்கள் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைய எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் காய் பார்க்கும்போது நீங்கள் என்ன செய்தீர்கள், எதைச் சொன்னீர்கள் என்று அவர்களிடம் கேட்டால், நல்ல மனுசன் என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் நினைவில்லை. உங்கள் மகனிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். உங்களை எங்கே மடக்கலாம் என்று ஒவ்வொரு சொல்லையும் காதுகொடுத்துக் கேட்டவன் நான் ஒருவன்தான். அதனால் எல்லாம் என்னிடம் பிசகாமல் இருக்கிறது.

நாளை ஞானமுத்துவின் தம்பி காய் கொண்டுவருகிறான். அவனும் முதலில் என்னிடம் கேட்பான். அப்புறம் உங்களைக் கேட்பான். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் இரண்டையும் சொல்லி அனுப்புவேன்.