ஏழேகால் மணிக்கு எழுதிய அளவு

ஷார்ஜா தொழில்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள அண்ணாவுக்கு, சங்கீதா எழுதுகிறேன். கையெழுத்து என்னுடையது, பேச்சு அப்பாவுடையது. அவர் சொல்வதை எல்லாம் உண்மையாகப் பதிவு செய்வேன், எதையும் விடமாட்டேன், படிக்க நன்றாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்கமாட்டேன். இதற்குக் கீழே "நான்" என்று வந்தால் அது அப்பா. நானாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அடைப்புக்குறிக்குள் சொல்கிறேன்.

அன்பு மகன் அன்பரசனுக்கு அப்பா பன்னீர்செல்வம் எழுதுவது. இங்கே மூன்று பேரும் உடம்பால் நலமாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன், கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. என் நம்பரை நீ பிளாக் பண்ணி நாலு மாதம் ஆகிறது. சங்கீதா கேட்பதற்கு மட்டும் "ம்" என்று பதில் போடுகிறாய், அவள் போனில் நான் பேசி அனுப்பியதை நீ திறக்கவே இல்லையாம். தாளாக இருந்தால் கிழிப்பதற்காவது கையில் எடுப்பாய் என்றுதான் இந்தக் கடிதம். வெல்டர் சாதிக் பாட்ஷா இன்று மாலை லீவில் சென்னைக்குப் போகிறார், ஸ்ரீபெரும்புதூரில் நீ தங்கியிருக்கும் ரூமுக்கே வந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் முகம் காட்டிப் பேசு, அவர் உனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அம்மாவுக்கு பிரஷர் கொஞ்சம் கூடுதல், மேல்வீட்டு ஜுபைதா அக்கா கூட்டிப்போய்க் காட்டினார், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பயப்படாதே. அம்மா என்னிடம் நேராகப் பேசுவதில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு, "சங்கீதா, உங்கப்பாவ சாப்புடச் சொல்லு" என்கிறாள். நானும் "வர்றேன்னு சொல்லும்மா" என்கிறேன். உன் தங்கைக்கு பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது, அதோடு இந்தத் தபால்காரி வேலையும் சேர்ந்துவிட்டது. வீட்டில் வைத்து எழுதினால் அம்மா அழுவாள் என்று எங்கள் கம்பெனி யார்டு வாசலில் இருக்கும் பயிற்சி கேபினுக்கு இவளைக் கூட்டி வந்திருக்கிறேன். நீங்கள் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து படித்த அதே கேபின்தான்.

நடந்தது உனக்குத் தெரியும், தங்கைக்கு முழுதாகத் தெரியாது, எழுதிக்கொண்டே அவளும் தெரிந்துகொள்ளட்டும். உன் கல்லூரியும் எங்கள் கம்பெனியும் சேர்ந்து செய்த ஏற்பாடு என் வாயில் பிறந்ததுதான். ஊரிலிருந்து வரும் பையன்கள் தொண்ணூறு சதவீதம் வாங்கியிருக்கிறார்கள், வால்வை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்கிறார்கள் என்று மேனேஜர் ஷ்யாம் சார் டீ நேரத்தில் அலுத்துக்கொண்டார். நான்தான், "கடைசி வருசத்துலயே நாம போயி சொல்லிக்குடுத்துட்டா என்னா சார், எம்பையன் படிக்கிற காலேஜ்ல கேட்டுப் பாருங்களேன்" என்றேன். கேட்டார்கள், ஒத்துக்கொண்டார்கள். சனிக்கிழமைதோறும் எங்கள் ஆட்கள் கம்ப்யூட்டர் வழியாக வகுப்பு எடுத்தார்கள், பிறகு ஆறு மாதம் இங்கே யார்டில் பயிற்சி, தேறினால் இங்கேயே வேலை. ஏட்டுக்கு மார்க் கல்லூரி போடும், கைக்கு மார்க் நான் போட வேண்டும் என்றார்கள். எட்டாவது படித்தவன் என்ஜினியருக்கு மார்க் போடுவதா என்று கேட்டேன். "பன்னீர் பாய், இருபத்திரண்டு வருசமா டேங்குக்குள்ள ஆளை எறக்கி ஏத்துறீங்க, ஒருத்தரும் சாகல, அதான் உங்க டிகிரி" என்றார் ஷ்யாம் சார். அன்று நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. நீ கம்பெனி கேம்பில் மற்ற பையன்களோடுதான் தங்க வேண்டும், யார்டில் என்னை அப்பா என்று கூப்பிடக் கூடாது என்று சொன்னதும் அந்த மகிழ்ச்சியில்தான். நீயாகத் தேறி வந்து நிற்பாய், அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பயிற்சியின் கடைசி வாரம், அபுதாபி பக்கம் ருவைஸுக்குப் போக வேண்டிய இரும்பு டேங்க். உள்ளே பெயின்ட் அடிக்க அம்மையப்பன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். ஆள் இறங்கும் முன் உள்ளே மூச்சுக்காற்று எவ்வளவு இருக்கிறது என்று பயிற்சிப் பையன் மீட்டரில் அளந்து தாளில் எழுத வேண்டும், நான் கையெழுத்துப் போட வேண்டும், பிறகுதான் ஆள் இறங்குவான். நீ தாளை நீட்டினாய். ஏழேகால் மணி, இருபது புள்ளி எட்டு சதவீதம் என்று அழகாக எழுதியிருந்தாய். ஏழு மணியிலிருந்து அந்த மீட்டர் என் மேஜையில் சார்ஜில் கிடந்தது தம்பி. நான் மீட்டரை எடுத்து வந்து குழாயை உள்ளே இறக்கி அளந்தேன். இருபது புள்ளி எட்டு. நீ எழுதியதேதான் வந்தது. நீ சிரித்தாய். "பாத்தீங்களா, நேத்தும் இதே, முந்தாநேத்தும் இதே, அளந்தா என்ன அளக்காட்டி என்ன" என்றாய். அம்மையப்பன்கூட, "விடுங்கண்ணே, நம்ம பய, நான் எறங்குறேன்" என்றான். உள்ளே போகிற உயிர் அவனுடையது, அவனே உனக்குப் பரிந்து பேசினான். சாயங்காலம் ஷ்யாம் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அளவு சரிதானே பாய், கலாஸ், முடிஞ்சுபோச்சு, யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். மார்க் தாளில் இரண்டே கட்டம், "தகுதி உண்டு", "இன்னும் இல்லை". பதினொரு பேருக்கு முதல் கட்டத்தில் போட்டேன், உனக்கு இரண்டாவதில். அந்தப் பதினொரு பேரில் எத்தனை பேர் அளக்காமல் எழுதினார்களோ எனக்குத் தெரியாது. தெரிந்தது உன்னுடையது ஒன்றுதான். ஏர்போர்ட் வண்டியில் ஏறும்போது, "மத்தவனுக்கெல்லாம் சூப்பர்வைசரா இருந்துட்டு எனக்கு மட்டும் அப்பாவா இருந்திருக்கலாம்" என்று சொன்னாய்.

(அப்பா எழுந்து போய் தண்ணீர் பிடித்தார். பிடித்த டம்ளரைக் குடிக்காமல் அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.)

அதற்குப் பிறகு உன் கல்லூரிக்காரர்கள் செய்ததை சங்கீதாதான் போனில் காட்டினாள். பன்னிரண்டு பேரும் ஷார்ஜாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள் என்று போஸ்டர், இரண்டாவது வரிசையில் கோட்டும் டையுமாக உன் படம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பெரிதாக வைத்திருக்கிறார்கள் என்று உன் அத்தை சொன்னாள். பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்ப பிளைட்டு தம்பி" என்று கேட்டால் நீ ஊரில் எப்படி நடமாடுவாய். அதனால்தான் ஸ்ரீபெரும்புதூரில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய் ஒதுங்கிக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும்.

இனிச் சொல்லப்போவது நல்ல செய்தியாக இருக்க வேண்டும் என்று ஒரு மாதம் அலைந்தேன். "இன்னும் இல்லை" என்றால் ஒரு வருடத்துக்குள் திரும்ப வரலாம் என்று அந்தத் தாளிலேயே இருக்கிறது. அடுத்த குழு வருகிறது, ஷ்யாம் சார் இடம் தருகிறேன் என்றார், மார்க் போடுகிற இடத்தில் நான் இருக்கமாட்டேன், வேறு ஆளைப் போடுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். பெயர் மட்டும் கல்லூரியிலிருந்து வர வேண்டும். அங்கே வேலைவாய்ப்பைப் பார்க்கிற சாருக்குப் போன் போட்டேன். "உங்க பையன் எங்க ரெக்கார்டுல வேலைக்குப் போயிட்டாரு சார், போனவர மறுபடி எப்படி அனுப்புறது" என்றார். அவன் போகவில்லை, ரெக்கார்டைத் திருத்துங்கள் என்றேன். "போஸ்டர் ஒட்டியாச்சு சார், அட்மிஷன் நேரம்" என்றார். மூன்று முறை கூப்பிட்டேன், இப்போது அவரும் எடுப்பதில்லை. உனக்காக நான் தட்டக்கூடிய கதவு இது ஒன்றுதான் இருந்தது, அதுவும் இல்லை என்று என் வாயாலேயே சொல்கிறேன்.

இன்னொன்று. நீ இரண்டாம் வருடம் படிக்கும்போது நான் லீவில் வந்திருந்தேன். சீனியர் பையனுடைய ரெக்கார்டு நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து, செய்யாத சோதனைக்கு அளவு எழுதிக்கொண்டிருந்தாய். முதலில் வளைகோட்டை வரைந்துவிட்டு அதற்கு ஏற்ற மாதிரி எண்களைப் போட்டாய். "எல்லாரும் இப்படித்தானா" என்று கேட்டேன். "எல்லாருந்தாம்ப்பா, சாருக்கும் தெரியும்" என்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா, ஸ்கேலை வாங்கி நாற்பது பக்கத்துக்கு மார்ஜின் போட்டுக் கொடுத்தேன். எம்மகன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று உன் அம்மாவிடம் காட்டினேன். உன் சார் கையெழுத்துப் போட்டார், நான் கோடு போட்டேன், கல்லூரி மார்க் போட்டது. உன்னை அப்படிப் பழக்கிய நாங்கள் எல்லோரும் தேறிவிட்டோம், நீ ஒருவன்தான் தேறவில்லை. ராத்திரி பகல் என்று இல்லாமல் என்னைத் தின்பது இதுதான் தம்பி, அந்தக் கட்டம் இல்லை.

நல்லபடியாக இரு. உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், உழைத்த இடத்தில் உனக்கு மதிப்புக் கிடைக்கட்டும். நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது ஹெல்மெட் போடு, தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்தி முகம் கழுவிவிட்டு வா. சாதிக் பையில் அம்மா பேரீச்சம்பழமும் இரண்டு சட்டையும் வைத்திருக்கிறாள், சட்டை சின்னதாக இருந்தால் சொல், மாற்றலாம். என்னோடு பேச வேண்டாம், அம்மாவை ஒரு தடவை கூப்பிடு. அவள் போனைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறாள்.

(முழுவதையும் படித்துக் காட்டினேன். அப்பா இன்னும் ஒரு வரி சொன்னார். வேண்டாம்பா, அண்ணனுக்குக் கோபம் வரும் என்றேன். "எழுது. இத எழுதலன்னா மேல எழுதுனதெல்லாம் பொய்யி" என்றார். எழுதுகிறேன்.)

இன்றைக்கு அதே தாளை நீ நீட்டினாலும் நான் அதே கட்டத்தில்தான் போடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. பன்னீர்செல்வம்

(அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தரவில்லை. கையெழுத்துக்குக் கீழே ஏதோ எழுதத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். செக்யூரிட்டி வந்து நேரம் ஆகிவிட்டது, யல்லா, கிளம்புங்கள் என்றார். அப்பா "ஒரு நிமிசம் பாய்" என்றார். இந்தக் கேபினுக்கு ஜன்னல் கிடையாது. விளக்குகளை அணைத்துவிட்டார்கள். இதை வெளியே வெளிச்சத்துக்கு வந்து நான் எழுதுகிறேன், அப்பா எழுத நினைத்த வரி தாளில் ஏறவில்லை.)