இந்தப் படிப்புக்கு என்ன சம்பளம்

மாசி பெரியசாமி துணை

தேவனூர் நாடு,
கொல்லிமலை.

அன்பு மகன் இளங்கோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, யமுனா, நான் மூவரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ பெங்களூரில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று தெரியாததுதான் இந்த வீட்டில் இப்போது பெரிய நோய். சித்திரையில் பேசியவன், ஆனி வந்தும் போனை எடுக்கவில்லை. கிழங்கு லோடு ஓட்டும் நம் ராசுவிடம் அழுது, அவன் அங்கே இங்கே விசாரித்து உன் அறை முகவரியை வாங்கி வந்து கொடுத்தான். எட்டாவதோடு நின்றவள் எழுத்து, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

ராசு உன்னைப் பார்த்ததையும் சொல்லிவிட்டான் கண்ணு. ஒரு ஓட்டல் வாசலில் கம்பெனிச் சட்டை போட்டு, முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு சாப்பாட்டுப் பொட்டலத்துக்காக நின்றாயாம். அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாயாம். இங்கிலீஷில் எம்.ஏ. முடித்து ஏசி ஆபீசில் இருக்கிறான் என்று நான் செம்மேடு சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பசித்தவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பதில் எனக்கு ஒரு கேவலமும் இல்லை. நம் ஊர்க்காரனைப் பார்த்து ஓடினாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்பாவும் அதைக் கேட்டார். மிளகுக் காட்டுக்குப் போய், உன் படிப்புக்காக சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்ற பக்கமாக வெகுநேரம் நின்றிருந்தார். அந்த வாரமே யமுனாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த சேதி வந்தது. அவளும் இங்கிலீஷ்தான் கேட்டிருக்கிறாள். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஒருத்தனை அதுல போட்டு அஞ்சு வருசம் பார்த்தாச்சு. இன்னொண்ணையும் அந்தக் குழியில தள்ள மாட்டேன். திருப்பூர் கம்பெனிக்குப் போகட்டும், மாசம் பொறந்தா சம்பளம்" என்றார். சொன்னதோடு நிற்காமல் ஆள் சேர்க்க வந்தவனிடம் பெயரையும் கொடுத்துவிட்டார். ஆடி பிறந்ததும் கம்பெனி வேன் வருமாம். யமுனா இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாள். பயந்துபோய், உங்கள் அப்பாவிடம் என்னைப் பெற்ற அம்மாயியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவளை பஸ் ஏற்றிக் கீழே கூட்டிப்போனேன்.

கல்லூரியில் எனக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த டீச்சரம்மாவிடம், "ஏனுங்க, இந்தப் படிப்பைப் படிச்சா என்ன சம்பளம் கிடைக்குமுங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை, எழுந்து என்னை வராந்தாவுக்குக் கூட்டிவந்தார். "அம்மா, நான் இதுலயே டாக்டர் பட்டம் வரைக்கும் படிச்சவ. இன்னும் எனக்கே நிரந்தர வேலை இல்லீங்க. லீவு மாசத்துல சம்பளம் கிடையாது, டியூஷன் எடுத்துத்தான் ஓட்டறேன். பி.எட். முடிச்சு, பரீட்சை எழுதி மேல போன பிள்ளைங்க இருக்காங்க. என்ன ஆனாங்கன்னே தெரியாத பிள்ளைங்களும் இருக்காங்க. உங்க பொண்ணு இந்த ரெண்டுல எந்தப் பக்கம் போவாள்னு நான் எப்படிங்க சொல்றது" என்றார். அப்புறம் எதுக்குங்க சேர்க்கறீங்க என்று கேட்டேன். ஆசைப்பட்டு வருகிற பிள்ளையை எந்த வாயால் போகச் சொல்வது என்று கேட்டவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவரையும் யாரோ ஒரு அம்மா மரத்தையோ மாட்டையோ விற்றுத்தான் படிக்க வைத்திருப்பாள்.

தூணுக்கு அந்தப் பக்கம் யமுனா நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் வா போகலாம் என்று கூப்பிட்டும் அசையவில்லை. "அண்ணனுக்கு மட்டும் அஞ்சு வருசம் குடுத்தீங்க. எனக்குக் குடுக்காததுக்கும் அவனையே காரணம் சொல்றீங்க. இதுல நான் பண்ணுன தப்பு என்னம்மா?" என்றாள். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் போட்டேன் சாமி. என் தோட்டைக் கழற்றி அடகு வைத்து ஹாஸ்டலுக்கும் பணம் கட்டிவிட்டேன். பஸ் திரும்பி மலையேறியது. நல்லது செய்தேனா பிள்ளையைக் கெடுத்தேனா என்று ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மாறி மாறித் தோன்றியது.

உங்கள் அப்பா காதைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஜமுக்காளத்தை எடுத்துக்கொண்டு காட்டுக் கொட்டகைக்குப் போனவர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. சோறு கொண்டுபோனால் வைத்தது வைத்தபடி இருக்கிறது. வேன்காரனிடமும் வர வேண்டாம் என்று சொல்ல மறுக்கிறார். நான் எதைச் சொல்லி அவரோடு வாதாடுவேன்? எனக்கு அந்தப் படிப்பில் ஒரு எழுத்து தெரியாது. படித்துப் பார்த்தவன் இந்த வீட்டில் நீ ஒருவன்தான். அந்தப் படிப்பால் உனக்குக் கிடைத்தது என்ன, போனது என்ன, மறுபடி வாய்த்தால் அதையே எடுப்பாயா, ஒளிக்காமல் சொல். அவள் படிக்கட்டும் என்றால் அப்பாவிடம் நீயே சொல். வீண் என்றால் என்னிடம் சொல், நானே அவள் துணிமணியை மூட்டை கட்டி வேனில் ஏற்றிவிட்டு ஒரு மூலையில் கிடக்கிறேன். பேசாமல் மட்டும் இருக்காதே. நீ பேசாமல் இருப்பதைத்தான் உங்கள் அப்பா பதிலாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இதுவரை எழுதி வைத்திருந்தபோது அப்பா மண்வெட்டி எடுக்க வந்தார். அவனுக்கா எழுதுகிறாய் என்று கேட்டார். தலையாட்டினேன். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "நம்மூர்க்காரனைப் பார்த்தா ஓட வேண்டாம்னு எழுது. ஊட்டுக்கு வந்தா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்னு எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யமுனாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள், கேட்டிருப்பாள்.

மாசி பெரியசாமி உன் தலைமாட்டில் நின்று காக்கட்டும். மழையில் நனைந்தால் தலையைத் துவட்டு, ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிடு. வீட்டில் டவர் கிடைக்காது என்பது உனக்குத் தெரியும், சந்தையன்று காலையிலிருந்து கடைசி பஸ் வரைக்கும் செம்மேட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். கூப்பிடு கண்ணு.

எந்தச் சட்டை போட்டாலும் நீ என் பிள்ளை என்று இருக்கும்
உன் அம்மா,
செ. பாவாயி