என்னை உளவு பார்க்க வந்த அம்மாவுக்கு

அம்மா,

அஜக்ஸ் வீட்டில் உங்கள் அலுமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, மேல் தட்டின் மூலையில் அந்தச் சின்னப் பித்தளைப் பூட்டு அகப்பட்டது. சாவி இல்லை. அடையாளத்துக்கென்று நீங்கள் கட்டிய சிவப்பு நூல் மட்டும் அப்படியே இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். கோடாலித் தைல வாசனை. உங்கள் கை பட்ட எல்லாவற்றிலும் ஒட்டிக்கிடந்த வாசனை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கீழே அப்பா தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. காட்டினால் அவர் முகத்தில் என்ன தெரியும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது.

அந்தப் பூட்டைத் தொங்கவிட்ட சூட்கேஸோடுதான் நீங்கள் வியன்னாவில் வந்து இறங்கினீர்கள்.

நாங்கள் கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில், அந்த உயரமான கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்த காலம். எனக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம், நகரத் திட்டமிடல் படிப்பு. ஒரு செமஸ்டரை வியன்னாவில் படிக்க இடம் கிடைத்தது. அப்பா சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலை நிமிராமலே கேட்டார்: "இஞ்ச இல்லாத படிப்போ அங்க கிடக்கு?" நீங்கள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தீர்கள். "போயிட்டு வரட்டும். படிப்புத்தானே," என்றீர்கள். அவ்வளவு சுலபமாக நீங்கள் சம்மதித்தது எனக்கே வியப்பாக இருந்தது. சந்தோஷத்தில் நான் அதைப் பெரிதாக யோசிக்கவில்லை.

முதல் சில வாரங்கள் ஒன்றுமில்லை. சாப்பிட்டியா, குளிருக்குப் போட்டியா என்ற கேள்விகள்தான். பிறகு ஒரு நாள் வீடியோவில் கதைக்கும்போது, எனக்குப் பின்னால் கதவில் தொங்கிய ஜக்கெற்றைக் கண்டீர்கள்.

"உது ஆற்றை ஜக்கெற்?"

"அது மிகேலின்ரை, அம்மா. குளிருக்கு இரவல் வாங்கினனான். போர்த்துக்கல் பொடியன். ஜஸ்ட் றூம்மேற். நாங்கள் நாலு பேர் இருக்கிறம், ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு றூம்."

"உன்ரை றூமுக்குப் பூட்டு இருக்கோ?"

"ஓம்."

"காட்டு பாப்பம்."

பூட்டைக் காட்டினேன். பின்னால் அப்பாவின் குரல் கேட்டது: "ஆராம் அவன்?" நீங்கள் என்னிடம் கேட்ட அடுத்த கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்டீர்கள்.

அன்று தொடங்கியது. விரிவுரை முடிந்து வெளியே வந்தால் உங்கள் அழைப்பு. சுற்றிவரக் காட்டு என்பீர்கள். ஆரோடை நிக்கிறாய் என்பீர்கள். ஸ்காபரோவில் நீங்கள் அப்படியான ஆள் அல்ல. பள்ளிக்கூடத்து நடன விருந்துக்கு நான் போனபோது, "லைப்ரரியில படிக்கிறாள்" என்று அப்பாவிடம் சொன்னது நீங்கள்தான். அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது? யாரோ என்னைப் பற்றிக் கதை கட்டிவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது. அஜின்கோர்ட் பலசரக்குக் கடை அன்ரியா, உங்களோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்த அக்காவா என்று இரவெல்லாம் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்ப்பேன். ஒரு பிழையும் செய்யாதவள், குற்றவாளி மாதிரி மிகேலைக் கண்டால் ஒதுங்கி நடக்கத் தொடங்கினேன். அவன் பாவம், தன்னில் ஏதாவது கோபமா என்று கேட்டான்.

ஈஸ்டர் விடுமுறை நெருங்கியது. பிராகாவும் புடாபெஸ்டும் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன்.

"தனியப் போகவேண்டாம். நான் வாறன்," என்றீர்கள். "அப்பா ரிக்கெற் போட்டிட்டார்."

கனடாவுக்கு வந்த பிறகு நீங்கள் விமானம் ஏறியதே இல்லை. அப்பா இல்லாமல் வண்டியில் பக்கத்து ஊர் அஜக்ஸுக்குக்கூடப் போனதில்லை. என்னைக் கண்காணிக்கக் கடல் கடந்து வருகிறீர்கள் என்று நினைத்தபோது எனக்கு வந்தது கோபமா, வெட்கமா என்று பிரிக்க முடியவில்லை.

சூட்கேஸ் கனமாக இருக்கும் என்று நீங்கள் சொல்லியிருந்ததால் மிகேலும் விமான நிலையத்துக்கு வந்தான். வராதே என்று எவ்வளவோ சொன்னேன். நீங்கள் வெளியே வந்தீர்கள். கைப்பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, நெஞ்சோடு அணைத்தபடி. அவனைப் பார்த்தீர்கள். "தம்பி, இதைக் கொஞ்சம் தூக்கும்," என்று தமிழிலேயே சொல்லிச் சூட்கேஸை அவனிடம் தள்ளிவிட்டீர்கள். ரயிலில் ஒரு பை முறுக்கை எடுத்து அவன் மடியில் வைத்தீர்கள். அவனுடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை. யாருக்காக இவ்வளவு தூரம் வந்தீர்களோ, அவனை நீங்கள் கவனிக்கவே இல்லை.

அங்கேதான் என் சந்தேகம் உங்கள் பக்கம் திரும்பியது.

அறைக்கு வந்ததும் சூட்கேஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினீர்கள். அதற்குள் என்ன என்றேன். "உடுப்பு." திறந்து மாட்டி வைக்கட்டா என்றேன். "வேண்டாம், கிடக்கட்டும்." நான் குளித்துவிட்டு வந்தபோது திருப்பிக் கொடுக்காமல் கதவிலேயே தொங்கிய அந்த ஜக்கெற்றின் பைக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும், "தூசி தட்டினனான்," என்றீர்கள். பிறகு நிதானமாகக் கேட்டீர்கள்: "பிள்ளை, இஞ்சயிருந்து பரிஸுக்கு றெயின் இருக்கோ?"

என் பிராகா போனது, புடாபெஸ்டும் போனது. சால்ஸ்பர்க், மியூனிக், ஸ்ட்ராஸ்பூர்க் என்று பாரிஸ் பக்கமாகவே எங்கள் பயணம் நகர்ந்தது. ஒவ்வொரு ஊரிலும் சதுக்கங்களையும் தெருக்களையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். நீங்கள் கோட்டையையும் பார்க்கவில்லை, ஆற்றையும் பார்க்கவில்லை. அடுத்த ரயில் எப்போது என்றே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அப்பா போன் எடுக்கும்போது மட்டும் என்னை விட்டு நாலடி தள்ளிப் போவீர்கள். ஆனால் எனக்குக் கேட்காத தூரத்துக்குப் போகமாட்டீர்கள். "ஓம், ஓம். பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். சந்தேகமாத்தான் கிடக்கு. இன்னும் கொஞ்ச நாள் நிண்டு பாத்தாத்தான் தெரியும்."

மியூனிக் ரயில் நிலையத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்னில சந்தேகம் எண்டா என்னட்டை நேரா கேளுங்கோ! ஏன் அப்பாட்டை இப்பிடிச் சொல்லுறியள்? நான் என்ன செய்தனான்?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"சத்தம் போடாதை. நீ ஒண்டும் செய்யேல்லை. பரிஸுக்குப் போனாப்பிறகு சொல்லுறன்."

பாரிஸில் இறங்கியதும் வழி கேட்காமலே நடந்தீர்கள். ஒரு கடுதாசித் துண்டுகூடக் கையில் இல்லை. எல்லாம் மனப்பாடம். புறநகர் ரயில், இறங்கி இடப்பக்கம், பேக்கரி தாண்டி மஞ்சள் கட்டடம். லிப்ட் இல்லாத படிகளில் இருவருமாகச் சூட்கேஸை இழுத்து ஏற்றினோம். கதவைத் திறந்த பெண் உங்களைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டார். உங்கள் மூக்கு, உங்கள் நெற்றி. "அக்கா," என்றார். நீங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"அம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தவ" என்று மட்டும்தான் எங்கள் வீட்டில் எப்போதாவது சொல்லக் கேட்டிருக்கிறேன். 'இருந்தவ' என்றதால், செத்துப்போனவர் என்றே நினைத்து வளர்ந்தேன்.

கதையை அன்று சின்னம்மாதான் சொன்னார். அப்பாவின் தம்பிக்கு, என் சித்தப்பாவுக்கு, அவரைக் கலியாணம் பேசி, கனடாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆட்களைக் களவாய் வெளிநாடு அனுப்பும் ஏஜென்சி மூலம் வரும் வழியில் பாரிஸில் சில மாதம் நிற்க வேண்டி வந்தது. அங்கே ஒருவரைப் பிடித்துப்போய் அங்கேயே நின்றுவிட்டார். ஸ்காபரோவில் மண்டபம் பேசி, ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. சித்தப்பா பிறகு வேறு கலியாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, நடந்ததை எப்போதோ மறந்துபோனார். அப்பா மட்டும் மறக்கவில்லை. "இனி அவளோடை ஒரு கதையும் இருக்கக்கூடாது" என்று உங்களிடம் சத்தியம் வாங்கினார். நீங்கள் வேலையிடத்துப் போனில், சாப்பாட்டு நேரத்தில், தங்கச்சியோடு கதைத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.

"கொப்பர் என்னைத் தனிய எங்க விடுவார்?" என்று நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். "உன்னிலை சந்தேகம், போய்ப் பாத்தாத்தான் எனக்கு நித்திரை வரும் எண்டு சொன்னன். உடன ரிக்கெற் போட்டுத் தந்தார்."

"அப்ப என்னைக் கூடாத பிள்ளையாக்கினனீங்கள்."

"கொஞ்ச நாளைக்குத்தான். போய் எல்லாம் சரி எண்டு சொல்லிப்போடுவன்."

அதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பழியைப் போட்டுவிட்டுப் பிறகு துடைத்துவிடலாம் என்று நீங்கள் நம்பியது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பிறகு பூட்டைத் திறந்தீர்கள். முழுக்கச் சீலைகள். ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த சீலை. மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை, என் பத்தாம் பிறந்தநாளுக்கு நீங்கள் உடுத்தது. நாவல் நிறப் பட்டு, கோயில் தேருக்கு உடுத்தது. உங்களுக்கென்று வாங்கும்போதெல்லாம் அதே சீலையில் இன்னொன்று வாங்கி, வேலையிடத்து லொக்கரில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். சின்னம்மா நாவல் நிறத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். உங்கள் கைப்பையில் அதன் சோடி இருந்தது. இருவரும் ஒரே சீலையில் கண்ணாடி முன் நின்றபோது நான் படம் எடுக்கப் போனேன். "வேண்டாம், போனில கிடந்தா ஆரும் பாப்பினம்," என்று தடுத்தீர்கள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மதியச் சாப்பாடு முடிந்து நான் ஹோலில் சாய்ந்திருந்தேன். நான் நித்திரை என்று நினைத்துக் குசினியில் இருவரும் பாத்திரம் கழுவிக்கொண்டே கதைத்தீர்கள்.

"நான் திரும்பிப் போகாட்டி என்ன?" என்றீர்கள்.

சின்னம்மா சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

"பிள்ளையும் வளந்திட்டாள். இஞ்ச ஒரு கடையில வேலை எடுக்கேலாதே?"

சின்னம்மா தண்ணீர்க் குழாயை மூடினார். "என்ன கதை அக்கா இது?" என்றார். அதன் பிறகு உங்கள் குரல் தணிந்துவிட்டது. எவ்வளவு காதைக் கொடுத்தும் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

அந்த நிமிஷத்திலிருந்து நான் உங்களைக் கண்காணிக்கத் தொடங்கினேன். பாஸ்போர்ட்டை எங்கே வைக்கிறீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் இருவரும் மாடியை விட்டு இறங்கினால் பின்னாலேயே வந்தேன். அப்பாவுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். பாரிஸில் உங்களை விமானம் ஏற்ற வந்த அன்று, சோதனைச் சாவடி வரைக்கும் உங்கள் கையை விடவில்லை. "என்னடி, சின்னப் பிள்ளை மாதிரி," என்று சொல்லி நெற்றியைத் தடவினீர்கள். அதற்கு அப்பால் என்னை விடமாட்டார்கள். விமானம் புறப்பட்டுவிட்டது என்று பலகையில் வரும்வரை, நீங்கள் திரும்பி வெளியே வந்துவிடுவீர்களோ என்று அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அப்பாவுக்கு எடுத்தேன். "அம்மா வந்திட்டாவோ?"

"ஓம், வந்திட்டா. குளிக்கிறா," என்றார்.

செமஸ்டர் முடிந்து நான் வந்து சேர்ந்தபோது அப்பா விமான நிலையத்தில் என்னை மேலும் கீழும் பார்த்தார். நீங்கள் சொன்னபடியே, பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டிருந்தீர்கள். ஆனாலும் அந்தப் பார்வை எத்தனையோ வருடம் போகவில்லை. எனக்குக் கலியாணம் பேசி வந்தபோதுகூட, "அந்தப் போர்த்துக்கல் பொடியன் என்னவானவன்?" என்று கேட்டார். நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். உங்களில் எனக்கும் அப்படித்தான் ஆனது. வேலை முடியப் பிந்தும் என்றால், உண்மையாகவா என்று மனம் கேட்கும். கோயிலுக்குப் போறன் என்றால், எந்தக் கோயில் என்று கேட்பேன். மிகேலின் ஜக்கெற் பைக்குள் நீங்கள் கையை விட்டது நடிப்பா, நிசமா என்று கேட்கவேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். கேட்கவில்லை.

போன மாரியில் நெஞ்சு நோகுதென்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். வீட்டுக்கு வரவில்லை.

நான்தான் சின்னம்மாவுக்கு அறிவித்தேன். அப்பாவிடம் கேட்கவில்லை. மரணச் சடங்கு மண்டபத்தின் வாசலில் சின்னம்மா வந்து நின்றபோது சனம் எல்லாம் அப்பாவைப் பார்த்தது. அப்பா எழுந்தார். தன் பக்கத்துக் கதிரையைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு, "இருங்கோ," என்றார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சின்னம்மாவை விமானம் ஏற்றப் போனபோது, தானும் வருகிறேன் என்று அப்பா வண்டியில் ஏறினார். திரும்பி வரும்போது நானூற்றி ஒன்றாம் நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகராமல் நின்றன. அப்பா தானாகவே கதைத்தார்.

"கொம்மா உன்னைச் சந்தேகப்படுற ஆளில்லை எண்டு எனக்குத் தெரியாதே? ரிக்கெற் போட்டது நான். வியன்னாவில இறங்கி, பரிஸில ஏறுற ரிக்கெற். எனக்கு விளங்காதே?"

"அப்ப ஏன் அப்பா ஒண்டும் சொல்லேல்லை?"

"சத்தியம் வாங்கினது நான். எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப என்னை ஏன் அப்பிடிப் பாத்தனீங்கள்?"

"உன்னட்டை ஒண்டு கேக்கவேணும் எண்டு பாத்தனான். கேக்கப் பயமாக் கிடந்தது."

உண்மையிலேயே அப்போதே தெரிந்திருந்ததா, இல்லை நீங்கள் போன பிறகு தன்னை ஆற்றிக்கொள்ள அப்படிச் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பிடிபடவில்லை. முன்னால் நின்ற லொறி கொஞ்சம் நகர்ந்தது.

"அவள் அங்கயே நிண்டிட யோசிச்சவளோ?" என்று கேட்டார்.

"இல்லை அப்பா," என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. பிறகு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா, குசினியில் நீங்கள் சொன்ன அந்த ஒரு வசனத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. குழாயை மூடிய பிறகு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று சின்னம்மாவிடம் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுக்கிறார். கேள்வி நாக்கு நுனி வரை வரும். எங்களுக்காகத் திரும்பி வந்தீர்களா, வேறு வழி இல்லாமல் வந்தீர்களா என்பது அந்த ஒரு பதிலில் இருக்கக்கூடும். சாப்பிட்டாச்சோ சின்னம்மா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

அப்பா இன்னொரு தடவை கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லுவேன்.