ஒன்பதாவது நகரம்

மார்ச் 3, செவ்வாய்

பிழை திருத்த வந்த ப்ரூஃப் கட்டைப் பிரித்தேன். கிரகக் கதையின் ஐந்தாம் பாகம். எழுதியவர் பெயர் வழக்கம்போல மேதையின் பெயர். 'மேதை' பத்திரிகைக்காரர்கள் வைத்த பட்டம். நானாக அந்த ஆளுக்கு ஒரு பெயர் வைத்தால் இந்த நோட்டு தாங்காது.

அந்தக் கிரகம் என் அண்ணனுடையது. மூன்று வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்து எழுதினான். அவன் போனதும், "சரிபார்த்துத் தர்றேன்" என்று, நான் வேலை பார்க்கும் இந்தப் பதிப்பகத்துக்கு மேதை வந்து கேட்டார். ஆஸ்பத்திரியில் அண்ணனோடு நான்கு மாதம் பழகிய சிநேகிதர். ஏழு நோட்டையும் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். நானே! முதல் பாகம் வந்தபோது உள்ளே 'நண்பனுக்கு' என்று ஒரு சமர்ப்பணம் மட்டும் இருந்தது. பதிப்பாசிரியரிடம் அழுதேன். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். நோட்டுகள்தானே ஆதாரம், அவை அந்த ஆளிடம் அல்லவா இருக்கின்றன.

மார்ச் 4, புதன்

நாற்பது பக்கம் திருத்தினேன். ஒரு கமாவைக்கூட விடவில்லை.

மார்ச் 9, திங்கள்

இந்தப் பாகத்தில் முதல்முறையாக வரைபடம் போடுகிறார்கள். அண்ணன் கை நடுங்கி வரைந்த கோடு, பார்த்ததுமே தெரிந்தது. வடக்கு கீழே இருக்கிறது. அதற்கு மேதை ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார் - அதிகாரத்தைத் தலைகீழாக்கும் கனவாம். ஒன்பது மூச்சுக்கு ஒருமுறை வீசும் பெருங்காற்று பிரபஞ்சத்தின் துயரமாம். அட மடையா, அது தலையைத் திருப்பித் திருப்பிச் சுற்றும் எங்கள் மேசை விசிறி. நகராத சூரியன் நாற்பது வாட்ஸ் பல்பு. அந்த அறைக்குள் ஒருநாளாவது கால் வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

மெழுகுத்தாளில் நகல் எடுத்து வந்து, அண்ணன் கட்டிலில் அவனைப் போலத் தெற்கே தலைவைத்து, வடக்கு காலடியில் வர, மல்லாந்து படுத்துத் தூக்கிப் பிடித்தேன். கூரையில் மழைநீர் ஊறிய கறைகள் அப்படியே பொருந்தின. இரண்டு கண்டம், உப்புக்கடல், எட்டு நகரங்கள். மாட்டினான்!

ஆனால் ஒன்பதாவது நகரம் மட்டும் இல்லை. வரைபடத்தில் ஜன்னல் பக்கக் கூரைக்கு நேராகப் பெரிய வட்டம். கூரையில் அந்த இடம் வெறும் வெள்ளை. 'ஒரே பகலில் அழிந்தது, ஏன் என்று யாரும் கேட்கவில்லை' - அண்ணன் அதைப் பற்றி எழுதியது அவ்வளவுதான். வாசகர்கள் ஐந்து வருஷமாக அதைத்தான் கேட்கிறார்கள். மேதை இப்போது போர், பாவம், விஷமழை என்று நாற்பது பக்கம் அளந்திருக்கிறார். எனக்கும் விடை தெரியாது. அந்த வருஷம் நான் விடுதியில் இருந்தேன்.

மார்ச் 11, புதன்

முன்னுரைக்கு, மறைந்த நண்பனின் தாயாருடன் எழுத்தாளர் இருக்கும் படம் போட்டால் நன்றாக இருக்கும் என்று பதிப்பாசிரியர் காதில் போட்டேன். அவருக்குப் பிடித்துவிட்டது. படம் என்றால் மேதை விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார்.

அம்மா போர்வையைத் துவைக்கப் போட்டாள். நான்கு பாகமும் அவள் தலைமாட்டில்தான் இருக்கின்றன. மகனின் சிநேகிதன் நன்றாக இருக்கட்டும் என்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வேன்?

மார்ச் 15, ஞாயிறு

பதிப்பாசிரியர், புகைப்படக்காரரோடு வந்த மேதை அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து நாலு விதமாகச் சிரித்தார். படம் எடுத்து முடிந்ததும் வரைபடத்தைப் பதிப்பாசிரியர் கையில் கொடுத்து, மேலே பார்க்கச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார்.

மேதையின் சிரிப்பு குறையவில்லை. "ஒழுகுற வீடெல்லாம் இப்படித்தாம்மா இருக்கும். ஒன்பதாவது நகரம் எங்க? காட்டுங்க பாப்போம்."

எதற்குப் பயந்தேனோ அதையே கேட்டார்.

காபி தம்ளர்களை வைத்துவிட்டு அம்மா நிமிர்ந்தாள். "அத நான்தான் தம்பி பூசச் சொன்னேன்."

ஜன்னல் பக்கக் கூரையில் காரை உதிர்ந்து அண்ணன் முகத்தில் விழுந்ததாம். கொத்தனாரைக் கூப்பிட்டாளாம். ஒரு பகல் முழுக்க அவன் போர்வைக்குள் கிடந்தான், அப்புறம் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. "ஒரு ஊரையே அழிச்சிட்டியேம்மா, ஏன்னு யாராச்சும் கேட்டீங்களான்னான். நான் என்னத்தக் கண்டேன்?"

பதிப்பாசிரியர் புகைப்படக்காரரிடம் கூரையைப் படம் எடுக்கச் சொன்னார். மேதை காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கெஞ்சுவார் என்று நினைத்தேன், கெஞ்சவில்லை. எனக்குப் போதவில்லை.

மார்ச் 16, திங்கள்

உனக்கு முன்பே தெரியுமா என்று அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மொதப் புத்தகத்துலயே தெரியும். எம் புள்ள கிட்ட மூணு வருஷம் கேட்ட கதைடி. நாம சொன்னா யாரு நம்புவா? என்னைக்காச்சும் இந்த வீட்டு வாசப்படி மிதிப்பான்னு பாத்துட்டே இருந்தேன். நீதான் இத்தனை நாளா அவனக் கூட்டியாரல."

ஏப்ரல் 20, திங்கள்

ஏழு நோட்டும் அலுவலகத்துக்குப் பார்சலில் வந்துவிட்டன. கூட ஒரு வரிக் கடிதம்கூட இல்லை.

முதல் பாகம் மறுபதிப்பாகிறது. அட்டையின் ப்ரூஃப் என் மேசைக்குத்தான் வந்தது. அண்ணன் பெயரைக் கால்மணி நேரம் படித்தேன். பிழை இல்லை. பின்னட்டையில் பொடி எழுத்தில் மேதையின் பெயர் ஒரே ஓர் இடத்தில் நீக்கப்படாமல் தப்பியிருந்தது. சிவப்பு மையால், தாள் கிழிகிற மாதிரி அடித்தேன்.

ப்ரூஃபை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது இங்கே விதி. பையில் வைத்துக்கொண்டேன். அம்மா பார்க்கட்டும்.