வெந்நீர் ஆறுவதற்குள்

அக்கா,

சற்று முன்புதான் மருமகள் ஒரு பேசினில் வெந்நீர் கொண்டுவந்து என் கட்டிலடியில் வைத்தாள். வழுக்கி விழுந்ததில் எனக்குக் கால் வீங்கிக் கிடக்கிறது. "வெச்சிட்டுப் போம்மா, நானே கழுவிக்கிறேன்" என்று விறைப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். டெட்டால் வாசனை எழும்பியது. கூடவே நீயும் வந்துவிட்டாய்.

ஆரணியில் எல்லோருக்கும் நீ மிஷன் ஆஸ்பத்திரி 'சிஸ்டர்'. பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு மட்டும் அக்கா. எழுபதுகளில் என் முதல் பிரசவத்தின்போது, சொந்தக்காரர்களே தொடத் தயங்கிய துணிகளை அள்ளிக்கொண்டு போய்த் துவைத்தவள் நீ. நன்றி சொன்னால் பிடிக்காது உனக்கு. "அவரு மத்தவங்க காலையே கழுவினாரு. நான் துணி துவைக்கக் கூடாதா?" என்பாய். யார் அந்த அவர் என்று கேட்டுத்தான் உன் இயேசு எனக்கு அறிமுகமானார்.

அதன்பிறகு டியூட்டி முடிந்ததும் என் தறிக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாய். நான் நெய்துகொண்டே கதை கேட்பேன். சிலுவையில் தொங்கும்போது அவர் தாகம் என்று கேட்ட இடம் வந்தால் நீ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாய். சுவரில் எங்கள் முருகன் பார்த்துக்கொண்டிருக்க, நானும் மூக்கை உறிஞ்சுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், கதைக்கு நடுவே உன் காலிலிருந்து நாற்றம் வந்தது. காலைத் தூக்கிப் பார்த்தேன். சர்க்கரைப் புண், பாதத்தடியில் அழுகிப்போயிருந்தது. அந்தக் காலோடுதான் நீ ஊரார் புண்ணுக்கெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய்.

"டாக்டராண்ட காட்டலையா?"

"ஆண்டவர் பட்ட பாட்டுல இது ஒரு பாடாடி? ஊருக்கே செய்யறவ போயி படுத்துகினா நல்லாவா இருக்கும்?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வாய்க்கு வந்தபடி கத்தினேன். "உங்க சாமியே அத்தினி பேர் எதிர்ல, தாகமா இருக்குதுன்னு வாய்விட்டு கேட்டாரு. நீ கேட்டா இன்னா, கௌரவம் கொறைஞ்சிடுமா? அவரைவிடப் பெரியவளா நீ?"

நீ காலைப் புடவைக்குள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாய். பிறகு, "கால் வலிக்குதுடி" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாய். நான் வெந்நீர் போட்டு, உன் காலை மடியில் வைத்துக் கழுவினேன்.

மறுநாள் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். காலையே எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், உன் சாமியையும் சேர்த்துத்தான். ஒரே ஒரு விரலோடு போயிற்று. டாக்டர் அதைச் சொன்னதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். அப்படியொரு நிம்மதி, அக்கா.

அதற்குப் பிறகு நீ எத்தனையோ வருடம் அந்தக் காலில் நடந்து ஊருக்கு உழைத்தாய். ஆனால் என் வீட்டுக்குள் நுழையும்போதே, "ஜல்தி தண்ணி குடுடி" என்று அதட்டுவாய். "பெரிய பேஜாரா போச்சு உன்னோட" என்று சலித்துக்கொண்டே சொம்பை நீட்டுவேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடைசி நாட்களிலும் கழுவிவிடச் சொல்லி, கூச்சமில்லாமல் என்னிடம் காலை நீட்டினாய். அதனால்தான் உன்னை நினைத்தால் எனக்கு இப்போது பாரமாக இல்லை.

இதை எழுதும்போதுதான் பார்க்கிறேன், பேசின் வைத்த இடத்திலேயே இருக்கிறது. குனிந்து கழுவப் பார்த்தேன், முடியவில்லை. அன்று உன்னிடம் கத்தியதெல்லாம் என் காதிலேயே வந்து விழுந்தது.

மருமகளைக் கூப்பிட்டேன். "கால் வலிக்குதும்மா. தண்ணி ஆறிடப்போவுது, நீயே கழுவி விடு."