தெற்கு ஜன்னலில் திரை இல்லை

என் அன்பு கோமதி அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் கழித்து, உன் வீட்டிலிருந்தே உனக்கு எழுதுகிறேன். உன் அடுப்பில் பால் கொதிக்கிறது. உன் மகள் தாரணி ஸ்கூலுக்குத் தலை பின்னிக்கொள்ள என் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனாள். உன் புருஷன் இப்போது என் புருஷன். இதை எப்படி எழுதினாலும் கூசுகிறது அக்கா. இன்னும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன், நீ இருந்தபோது கூப்பிட்ட மாதிரியே.

இதை எழுதி பீரோவில் வைக்காமல் நாலு பேர் படிக்கும்படி எழுதக் காரணம் இருக்கிறது. செத்துப்போன அம்மா பிள்ளையைக் கூப்பிட வருகிறாள் என்று நம் தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. பாதி தெரிந்தவர்கள் மீதியை இட்டுக்கட்டுவதற்கு முன்னால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

ஆவணியில் கல்யாணமாகி நான் குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்கு வந்தபோது இந்த வீட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. மழை முடிந்து மார்கழி பிறந்ததும்தான் வீடு ஒடுங்கிப்போனது. ஒன்பது மணி வரை பனி விலகாது, சிமெண்ட் தரையில் கால் வைக்க முடியாது. மாமா ஷூ கம்பெனியிலிருந்து வந்து டிவி முன்னால் உட்கார்ந்தால் வாயைத் திறக்க மாட்டார். தாரணிக்கு இளைப்பு வந்துவிட்டது. அடுப்படியில் நின்றாலும் அவள் மூச்சு இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். ஒன்பது வயதுக் குழந்தை, மாடிப்படி ஏறிய கிழவி மாதிரி மூச்சு வாங்கினாள்.

ஏழு வருஷம் ஜவுளிக்கடையில் நின்றவள் நான். எது சரியில்லை என்றாலும் நல்ல கலர் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிற ஜாதி. நீகூட கிண்டல் செய்வாயே, பொண்ணு பார்க்க வந்தால்கூட மாப்பிள்ளை சட்டை கலரைத்தான் பார்ப்பேன் என்று. அதனால் வீட்டைக் கொஞ்சம் கலகலப்பாக்கலாம் என்று இறங்கினேன். ஹால் குண்டு பல்பை மாற்றினேன். வாசல் படியில் சாமந்தித் தொட்டி வைத்தேன். வடக்குச் சுவருக்கு மாம்பழ மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். தாரணி படுக்கும் நாடாக் கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து இழுத்து அந்த மஞ்சள் சுவர் ஓரமாகப் போட்டேன். திரையே இல்லாமல் மூளியாக இருந்த தெற்கு ஜன்னலுக்கு ஆரஞ்சுப் பூப்போட்ட திரை தைத்து மாட்டினேன். எதிரே தோல் மண்டி இருக்கிறது, நாற்றமும் தூசியும் வருகிறது, அங்கே ஏன் நீ திரை போடவில்லை? இந்தக் கேள்வியை நான் மனசுக்குள் கேட்டேனே தவிர, வாய்விட்டு ஒருவரையும் கேட்கவில்லை.

மறுநாள் காலை எழுந்தபோது திரை கம்பியில் இல்லை. மடித்து டிரங்குப் பெட்டி மேல் வைத்திருந்தது. கட்டில், குழந்தை தூங்கியபடியே, ஜன்னலிலிருந்து இரண்டு முழம் தள்ளி அதன் பழைய இடத்தில் கிடந்தது.

மாமாதான் செய்திருப்பார் என்று நினைத்தேன். கேட்டேன். "நான் இல்ல," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மறுபடி திரையை மாட்டினேன், கட்டிலை இழுத்தேன். மறுநாளும் அதே கதை. ஐந்தாறு நாள் இப்படிப் போனது.

திரை மடித்திருந்த விதத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன் அக்கா. ஜவுளிக்கடையில் துணியின் முகம் வெளியே தெரியும்படி மடிப்போம், அப்போதுதான் விற்கும். நீ அப்படி மடிக்க மாட்டாய். மாமாவோடு நீயும் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தபோது தோல் துண்டுகளைக் கீறல் விழாமல் முகத்தோடு முகம் வைத்து அடுக்கிப் பழகி, வீட்டில் புடவையைக்கூடப் பூவை உள்ளே வைத்துத்தான் மடிப்பாய். டிரங்குப் பெட்டி மேல் இருந்த திரையில் ஒரு பூகூட வெளியே தெரியவில்லை.

பயத்தில் ஆலங்காயத்து அண்ணிக்கு போன் போட்டேன். மாமாவின் அக்காவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, கேட்ட கேள்விக்கு ஒன்பது பதில் வைத்திருப்பார்.

"பெத்தவ வந்து கட்டில இழுக்குறான்னா உனுக்கு இன்னும் புரியலியா? கொழந்தய கூட்டினு போவத்தான் வர்றா. இளைப்பு ஏன் ஜாஸ்தியாவுது? வெள்ளிக்கிழம மந்திரிக்கிற ஆளோட வர்றேன். நெலப்படில ஆணி அடிச்சிட்டா உள்ள கால் வெக்க முடியாது."

சரி என்று சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள். உன்னை உன் வீட்டு வாசற்படிக்கு வெளியே நிறுத்த நான்தான் சம்மதம் கொடுத்தேன். குழந்தை மூச்சு இழுக்கும்போது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை. அரையாண்டு லீவு, தாரணி போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போர்வைக்குள்ளிருந்தே கேட்டாள்.

"ஆணி அடிச்சா உனக்கு வலிக்குமா சித்தி?"

"எனக்கு இன்னாத்துக்குடி வலிக்கணும்?"

"நீதானே வர்ற."

அவளிடம் மாமாவின் பழைய போன் இருக்கிறது, கண்ணாடி கீறல் விழுந்தது. அம்மா வந்தால் அப்பாவுக்குக் காட்டலாம் என்று, கட்டிலில் படுத்தபடியே ஒருநாள் விடியும் நேரத்தில் வீடியோ எடுத்திருக்கிறாள். போர்வைக்குள் ஒளித்து வைத்திருந்ததை என் கையில் கொடுத்தாள்.

பார்த்தேன். ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். என் நைட்டி, என் முடி, என் முகம். கண் திறந்திருக்கிறது. திரையைக் கழற்றி, நிதானமாக மடிக்கிறேன், பூவை உள்ளே வைத்து. பிறகு கட்டிலின் கால்மாட்டைத் தூக்கி இழுக்கிறேன், படம் ஆடுகிறது. எல்லாம் இடது கையால். இடது கையால் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சிந்தாமல் தூக்க வராது. இடக்கைப் பழக்கம் உனக்குத்தான். ஒரு வாரமாக என் இடது தோள் விண்விண் என்று வலித்ததை நான் குளிர் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

வீடியோவின் கடைசியில் தாரணியின் குரல் மெதுவாகக் கேட்கிறது. "அம்மா?"

நான் "ம்" என்கிறேன்.

போனைக் கீழே வைத்தேன். அடுப்பில் ஏதோ கருகிய பிறகுதான் எழுந்து அணைத்தேன்.

மாமாவிடம் காட்டினேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார். "நானும் ரெண்டு வாட்டி பாத்தேன்," என்றார்.

"ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா நின்னு போயிடுமோன்னு."

எனக்கு அப்போது வந்த கோபத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன். அப்பனும் மகளும் என்னைப் பார்த்துக்கொண்டே உன்னைப் பார்த்திருக்கிறார்கள். இந்த வீட்டில் நான் யார்? உனக்கு வந்து போக ஒரு உடம்பா? எழுந்து போய், கட்டிலைப் பிடித்து, என் வலது கையால், நன்றாக முழித்துக்கொண்டே, மஞ்சள் சுவருக்கு இழுத்தேன். அது என் சுவர், நான் அடித்த பெயிண்ட். கட்டில் இடித்த இடத்தில் பெயிண்ட் பழைய சுண்ணாம்போடு சேர்ந்து பொக்கென்று உதிர்ந்தது.

உள்ளே ஈரம். தொட்டால் விரல் நனைந்தது. தலையணை உயரத்துக்கு, கன்னங்கரேலென்று பூஞ்சை. மழைத் தண்ணீர் அந்தச் சுவரில் இறங்கி நிற்கிறது என்று எனக்குத் தெரியாது, இந்த வீட்டில் எனக்கு இதுதான் முதல் மழைக்காலம். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று குழந்தையின் மூக்கை அந்த ஓதத்தின் பக்கத்தில் வைத்தேன்.

மணி பத்து இருக்கும். பனி விலகியது. மண்டியின் தகரக் கூரைக்கு மேலிருந்து, தெற்கே சாய்ந்த மார்கழி வெயில் திரையில்லாத ஜன்னல் வழியாக இறங்கியது. தரையில் கட்டில் அளவுக்கு ஒரு வெயில். கூடவும் இல்லை, கம்மியும் இல்லை. தினமும் காலையில் கட்டில் எங்கே கிடந்ததோ அங்கே.

அந்த வெயிலில் உட்கார்ந்து அழுதேன் அக்கா. தாரணி வந்து என் மடியில் படுத்தாள். மத்தியானத்துக்குள் அவள் இழுப்பு கொஞ்சம் அடங்கியது.

வெள்ளிக்கிழமை அண்ணி ஆளோடு வந்தார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"ஆணி வாணாம் அண்ணி."

"பைத்தியமா உனுக்கு? நாளைக்கு கொழந்த போய்ட்டா இன்னா பண்ணுவ?"

"அக்கா கொழந்தைக்காகத்தான் வருது. கூட்டினு போவ இல்ல."

அப்படித் தைரியமாகச் சொன்னேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு உறுதியில்லை. இப்போதும் இல்லை. அண்ணி திட்டிக்கொண்டே ஆணியை என் கையில் திணித்துவிட்டுப் போனார். விரல் நீளம் இருக்கும், இரும்பு ஆணி. தெருப் பேச்சு அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

தை பிறந்துவிட்டது. தாரணியை டாக்டரிடம் காட்டினோம். மருந்து தந்தார், ஈரச் சுவரை விட்டுத் தள்ளிப் படுக்க வையுங்கள் என்றார். மஞ்சள் பெயிண்டைச் சுரண்டி மாமா சுவரைப் பூசிக்கொண்டிருக்கிறார், பூசும்போது பேசுகிறார்கூட. திரைத் துணி வீணாகவில்லை, கட்டிலுக்கு மெத்தை விரிப்பாகத் தைத்துவிட்டேன். பத்து மணிக்கு அந்த ஆரஞ்சுப் பூக்கள் மேல் வெயில் பட்டால் ஹாலே நிறம் மாறுகிறது. உன் வெயில், என் கலர். லீவு நாளில் மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். போன ஞாயிறு தாரணி ஏதோ சொல்லிச் சிரித்தாள், மூச்சு வாங்காமல்.

கட்டிலை நான் இப்போது நகர்த்துவதில்லை. மூன்று வாரம் எதுவும் அசையவில்லை. நீ போய்விட்டாய் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வருத்தமாகவும் இருந்தது.

நேற்றுக் காலை என் இடது தோள் வலித்தது. ஹாலுக்குப் போய்ப் பார்த்தேன். கட்டில் ஒரு சாண் ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தது. பத்து மணி ஆகும்வரை எனக்குக் காரணம் புரியவில்லை. சூரியன் வடக்கே திரும்பிவிட்டான், ஜன்னல் வெயில் உள்ளே வரும் தூரம் ஒரு சாண் குறைந்திருந்தது.

வா அக்கா. வெயில் நகர நகர வந்து கட்டிலை நகர்த்து. என் கையை எடுத்துக்கொள், தோள் வலியை நான் பொறுத்துக்கொள்கிறேன். அடுத்த மார்கழிக்கும் அந்த ஜன்னலில் திரை இருக்காது, இது சத்தியம். இன்னொரு சத்தியமும் செய்கிறேன், கேட்டுக்கொள். அந்த ஆணியை நான் தூக்கிப் போடவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். என்றைக்காவது நீ கட்டிலை வாசல் பக்கம் இழுத்தால், அன்றைக்கே அடிப்பேன். உனக்கு வலித்தாலும் சரி, எனக்கு வலித்தாலும் சரி.

இப்படிக்கு,
தாரணியின் இரண்டு அம்மாக்களில் இளையவள்,
உன் தங்கை