கிரகணத்துக்குப் போன எக்ஸ்ரே

15 நவம்பர் 1995, புதன்

அடையாறில் டாக்டர் புது எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார். பிறகு என் முதுகெலும்பில் போட்ட ஸ்க்ரூ ஒன்றைக் காட்டினார்.

“இது லேசா வெளிய வந்திருக்கோன்னு தோணுதும்மா. ஆபரேஷன் ஆனதும் எடுத்த படத்தைக் கொண்டு வாங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் நகர்ந்திருக்கான்னு சொல்ல முடியும். நகர்ந்து நரம்புல பட்டா கால் விரல் அசையாமப் போகும், அதைக் கவனிச்சுக்கிட்டே இருங்க.”

வீட்டுக்கு வந்து பீரோவைக் குடைந்தேன். வெறும் உறைதான் இருந்தது. இவர் அறை வாசலிலேயே நின்றார்.

“போன மாசம் கிரகணம் பார்க்க வெட்டிட்டேன். மாடியில இருக்கறவங்களும் ஆளுக்கொரு துண்டு கேட்டாங்க.”

“ஸ்க்ரூ இருந்த துண்டு எங்க?”

“கறுப்பா இருந்த ஓரம்தானே சூரியனைப் பார்க்க வேணும். நடுவுல வெள்ளையா இருந்ததைக் குப்பையில போட்டுட்டேன்.”

சண்டை போடக்கூடத் தெம்பில்லை. அந்தப் படத்துக்கு நகல் கிடையாது. ஸ்க்ரூ முதலிலிருந்தே அப்படித்தான் இருந்ததா? இல்லையென்றால் மறுபடியும் முதுகைத் திறப்பார்களா?

இவர் தூங்கிவிட்டார். எனக்குப் புரண்டு படுக்கவே பயம். இடது கால் கட்டைவிரலை அசைத்துக்கொண்டே எழுதுகிறேன். அசைகிறது என்றுதான் நினைக்கிறேன். போர்வையை விலக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.